காதுக்குள் ஒருத்தி

“குழாய் ஒழுகுதுன்னு தொண்டை கிழியக் கத்துறேன், நீங்க காதை அடைச்சுக்கிட்டு—”

“நைட் ஷிஃப்ட் முடிஞ்சு இப்பதான்டி படுத்தேன். கம்பெனியில குடுத்த ஆன்லைன் தூக்கப் பயிற்சி இது.”

“பயிற்சிக்கு எதுக்கு இந்தச் சிரிப்பு? யாரவ, காதுக்குள்ள கொஞ்சுறவ?”

“வேண்டாம், விடு.”

விட்டால்தானே? இயர்போனைப் பிடுங்கித் தன் காதில் வைத்தாள் மனைவி.

“ரொம்பக் களைச்சு வந்திருக்கீங்க. எதுவானாலும் அப்புறம் பார்த்துக்கலாம். கண்ணை மூடுங்க…”

தொட்டில் ஆட்டுவது போன்ற குரல்.

அவள் முகம் சுண்டிப்போனது. குரல் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. போன மாதம் ஸ்டுடியோவில், முகம் தெரியாத யார் யாருக்கோ என்று அவளே உருகி உருகிப் பேசிய வரிகள் அவை.

கணவன் கோபப்படவில்லை. கெஞ்சுகிற மாதிரிதான் கேட்டான்:

“இவளை ஒரு நாள் நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வாயேன்.”