முளைக்காத மல்லி

சச்சிதானந்தன் வேலிக்கு மேலால் போட்ட கூச்சலில் கனடாவின் ஒன்ராறியோ ஏரி மீன்களே பதறியிருக்கும்.

"கஸ்பர்! உம்மட பூனை என்ர மல்லிப் பாத்தியைக் கிண்டி நாசமாக்கிப்போட்டுது. வீட்டில இருந்த முத்து முத்தான விதை, ஒண்டுகூட முளைக்கேல்லை!"

பக்கத்து வீட்டு உயிர்நண்பர் கஸ்பர் திகைத்தார். "அண்ணை, அது வாசல்படியே தாண்டாத பூனை."

"பொய்! நல்ல வெயில், பசளை, தண்ணி. வேறென்ன குறை? இனி உமக்கும் எனக்கும் கதை பேச்சில்லை!"

சமையலறைக் கதவு படாரென்று திறந்தது. மனைவி கமலாம்பிகையின் கண்ணில் கனல் பறந்தது.

"இஞ்சாருங்கோ! தூள் இடிக்கவெண்டு வறுத்து வைச்ச மல்லியை எடுத்தது நீங்களோ?"

சச்சிதானந்தன் மெல்லத் திரும்பிப் பாத்தியைப் பார்த்தார்.

கஸ்பர் தலையாட்டினார். "அதானே பார்த்தன். நீங்கள் தண்ணி விடேக்கையெல்லாம் ரசமெல்லோ மணத்தது, அண்ணை!"