இன்னொரு போன்

ஆய்வேட்டைக் கொடுக்க அன்றுதான் கடைசி நாள். தம்பதியர் விடுதி அறையில் பிரிண்டர் வைஃபையில் அவள் போனோடு சேராமல் முரண்டு பிடித்தது. ஷ்வேதா வளாகத்தின் நெட்வொர்க் அறைக்குப் போன் செய்தாள். எடுத்தவர் அருள்ராஜ், திருநெல்வேலிக்காரர்.

“இந்தப் பிரிண்டர்ல ஒரு சமயத்துல ஒரு போன்தாம்மா சேரும். ப்ரசன்னாங்கிற பேர்ல ஒண்ணு ஏற்கெனவே கிடக்கு. சிக்னல் ஃபுல்லா காட்டுது, உங்க ரூம்லதான் இருக்கும். ஆஃப் பண்ணுங்க.”

ப்ரசன்னா அவள் கணவன். போன மாதம் யமுனைக் கரையில், சிதை மூட்டுமுன், அந்தப் போனை அவன் நெஞ்சின்மேல் வைத்தது அவள்தான்.

காலிக் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஜல்திம்மா, லைன்ல ஆள் நிக்குது. சரி, நானே அதைத் தூக்கிட்டேன். இப்பப் பாருங்க.”

“வேண்டாம் சார்,” என்றாள்.

பிரிண்டர் உயிர்பெற்று, சூடான பக்கங்களைத் தள்ளத் தொடங்கியது. அதன் சின்னத் திரையில் அவள் பெயர் மட்டும் இருந்தது.