எப்படின்னு சேர்க்கணும்

முடிகிற நேரம் தாண்டியும் மாலை ஆங்கில வகுப்பு ஓடிக்கொண்டிருந்தது. ஒருவர் இன்னொருவரை ஏதாவது செய்ய வைப்பதாக ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். எப்படி என்பதற்கும் ஒரு சொல் சேர்க்க வேண்டும். முதலில் தமிழில், பிறகு ஆங்கிலத்தில்.

புதிதாகச் சேர்ந்திருந்த தையல்காரம்மா எழுந்தார்.

“என் வீட்டுக்காரர் என்னைக் காத்திருக்க வைக்கிறார்.”

“எப்படின்னு சேர்க்கணுமே,” என்றார் ஆசிரியர்.

“சளைக்காம.”

“சரி, இன்னொண்ணு?”

“என்னைக் கோபப்பட வைக்கிறார். ரொம்பச் சுலபமா.”

வகுப்பு சிரித்தது. ஆசிரியர் கையிலிருந்த சாக்பீஸை உருட்டினார். “சந்தோஷமா ஒண்ணு சொல்லுங்களேன்,” என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார்.

“என்னைச் சிரிக்க வைக்கிறார். அபூர்வமா.”

பின்வரிசை பேக்கரிக்காரருக்குப் பொறுக்கவில்லை. “அந்த மனுஷனை ஒரு நாள் இங்க கூட்டிட்டு வாங்கம்மா. நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கறோம்!”

“கூட்டிட்டு வரவே வேண்டாங்க. ஒரு நாள் தவறாம அவரே வர்றார். இப்பக்கூட கையில சாக்பீஸோட நிக்கறார்.”

அடுத்த நொடி கூரையே பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சிரிப்பு.

ஆசிரியர் அசடு வழியக் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதினார்: ‘என் மனைவி என்னைத் திருந்த வைத்தாள்.’

“எப்படின்னு சேர்க்கணும் சார்!” என்று கத்தினார் பேக்கரிக்காரர்.

ஆசிரியர் பெருமூச்சு விட்டுச் சேர்த்தார்: ‘பகிரங்கமாக.’