சவுக்குத் தோப்பில் பரிட்சை

"ரத்தம் மாதிரியே பண்ணிக்கீறாங்கடா. நல்ல சாயம்," என்று சிரித்தான் துரை.

மணலில் மல்லாந்து கிடந்த மதார் சாகிபுக்கு அந்தச் சிரிப்பைக் கேட்டதும் பயம் பிடித்துக்கொண்டது. காத்திவாக்கத்தில் இறால் வாங்கிக்கொண்டு ராயபுரத்துக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தவர், மேட்டில் சக்கரம் சறுக்கிச் சவுக்குத் தோப்புக்குள் உருண்டிருந்தார். மண்ணில் பாதி புதைந்திருந்த துருப்பிடித்த தகரம் இடது கெண்டைக்காலைக் கிழித்துவிட்டது. ரத்தம் நின்றபாடில்லை.

அவர் கத்திய கத்தலுக்கு வந்து நின்றது மூன்று பையன்கள். காக்கி அரை டிராயர், கழுத்தில் பச்சைத் துணி, கையில் ஆளுயரக் கழி. சாரணர் பிள்ளைகள். எண்ணூர்க் கடற்கரையில் முகாம் போட்டிருந்தார்கள். துரைக்குப் பதினைந்து வயது இருக்கும். மற்ற இருவரும் பொடியன்கள். அதில் லூர்து என்பவன் காலைப் பார்த்ததுமே முகம் வெளுத்து, ஓடுவதற்குத் திரும்பிவிட்டான். அப்போதுதான் துரை சிரித்தான்.

"எங்கடா ஓடுற? இது முதலுதவி பரிட்சைடா. தோப்புல ஒரு ஆளு அடிபட்ட மாதிரி படுத்துகினு இருப்பாரு, கட்டுப் போட்டுத் தூக்கியாரணும்னு மாஸ்டர் என்னாண்ட சொன்னாரு."

"எங்களாண்ட சொல்லவே இல்லியே," என்றான் இன்னொரு பொடியன் ராமசுப்பு.

"சொல்லிட்டு வெச்சா அது இன்னாடா பரிட்சை?"

மதார் சாகிப் முழங்கையை ஊன்றி எழப் பார்த்தார். "நைனா, பரிட்சை இல்லப்பா. நெசமாவே கிழிச்சிகிச்சு. ஓடிப்போயி பெரியவங்க யாரையாச்சும் இட்டாங்கப்பா."

"பாத்தீங்களாடா, இன்னாமா நடிக்கிறாரு," என்றான் துரை.

லூர்துவின் முகத்தில் மெல்லச் சிரிப்பு வந்தது. மதார் சாகிப் அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். தன் உயிர் இந்தப் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் ஆகிவிட்டது. வீட்டில் நிறைமாதமாக இருக்கும் ஜீனத்தின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. யா அல்லா, இப்படியா முடியவேண்டும்?

துரை தன் கழுத்துத் துணியை உருவி மடித்தான். பொடியன்களுக்கு முதுகைக் காட்டி, காலை மறைத்துக்கொண்டு மண்டியிட்டு, உடம்பின் எடை முழுவதையும் உள்ளங்கையில் இறக்கிக் காயத்தை அழுத்தினான்.

"ரெண்டு பேரும் இந்தப் பக்கம் பாக்காதீங்க. அவரு மூஞ்சியப் பாத்துப் பேச்சு குடுத்துகினே இருக்கணும். அதுக்குத் தனி மார்க்கு."

லூர்து தலைமாட்டில் வந்து குந்தினான். "பாய், எங்க மாஸ்டர் ஒங்களுக்கு டீ வாங்கிக் குடுத்தாரா?"

மதார் சாகிபுக்கு அழுகை வந்தது. பதில் சொல்வதற்குள், துரை முழங்காலுக்குக் கீழே இன்னொரு துணியைக் கட்டி, ஒரு குச்சியைச் செருகி முறுக்கினான். உயிர் போகிற வலி. அவர் போட்ட அலறல் தோப்பு முழுக்கக் கேட்டிருக்கும்.

"நீங்க நாடகத்துல சேரலாம், பாய்," என்றான் ராமசுப்பு.

சட்டைகளைக் கழற்றி, இரண்டு கழிகளைச் சட்டைக் கைகளுக்குள் நுழைத்துத் தூக்குப் படுக்கை ஆக்கினார்கள். தலைப்பக்கம் துரை, கால்பக்கம் பொடியன்கள். மேலே சவுக்கு மரங்கள் ஆடின. மதார் சாகிபின் கண்ணோரம் இருட்டிக்கொண்டு வந்தது. சாவு வந்து பக்கத்தில் நடக்கிறது, இந்தப் பிள்ளைகளுக்கு அது தெரியவில்லை. சொல்லலாமென்றால் நாக்கு புரளவில்லை.

"தூங்கற மாதிரி நடிக்கிறாருண்ணா," என்று சிரித்தான் லூர்து.

"தூங்க வுடாத. அவரு தூங்கிட்டா நாம தோத்துட்டோம். ஓடுங்கடா." துரையின் குரல் பிசிறியது.

ரோட்டில் ஓர் உப்பு லாரி நின்றதும், தன்னை அதில் ஏற்றியதும் மதார் சாகிபுக்குக் கனவுபோலத்தான் இருந்தது. முழு நினைவு வந்தபோது தர்ம ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். காலில் தையல் போட்டிருந்தது.

"யாருடா கட்டுப் போட்டது?" என்று கம்பவுண்டர் பையன்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். "ரத்தக் கொழாயே அறுந்துபோயிருக்கு. இன்னும் கொஞ்சம் ரத்தம் போயிருந்தா ஆளே போயிருப்பாரு."

லூர்து தன் டிராயரில் காய்ந்திருந்த சிவப்பைக் குனிந்து பார்த்தான். "அப்ப இது சாயம் இல்லியா?" என்றவன் அப்படியே கண் செருகிச் சுவரோடு சரிந்து விழுந்தான். அவனைப் பிடிக்கப்போன ராமசுப்புவும் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழ ஆரம்பித்தான்.

மதார் சாகிபுக்குப் பயம் எல்லாம் கோபமாகத் திரும்பியது. துரையைக் கட்டிலண்டை கூப்பிட்டார்.

"தொண்ட கிழியச் சொன்னேனே, நெசம்னு. என் வூட்டுக்காரி மாசமா கீறா. என் உசிரு ஊசலாடுது, நீ சிரிச்சிகினு கீற. இப்ப பரிட்சைல பாஸாயிட்டியா?"

தோப்பில் ஆடாத துரையின் கைகள் இப்போது வெடவெடவென்று ஆடின. கட்டில் கம்பியைப் பிடித்து நிறுத்தப் பார்த்தான், முடியவில்லை. தரையில் கிடந்த பொடியன்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

"மன்னிச்சுக்குங்க," என்றான். "இன்னிக்கி பரிட்சையே கெடையாது, பாய்."