எந்தப் பக்கமும் தெரியாத விமானம்

திரையில் ஒன்றுமே இல்லை. செல்வராஜுக்குக் கண் கலங்கிவிட்டது.

"கண்ணாடியைத் துடைச்சுட்டு இன்னொரு தரம் பாருங்க" என்றார் கோபாலகிருஷ்ணன். விமானப்படையில் முப்பது வருஷம் ரேடாரைப் பார்த்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டு ஓய்வு பெற்றவர். இன்றைய சோதனைக்கு அவர்தான் நடுவர். அவர் கையெழுத்துப் போடாவிட்டால் செல்வராஜின் திட்டத்துக்கு இன்றோடு மூடுவிழா.

செல்வராஜ் துடைத்துவிட்டுப் பார்த்தார். மாமல்லபுரத்துக்குத் தெற்கே சவுக்குத் தோப்போரம் நின்ற ரேடார் வண்டிக்குள், பச்சைக் கோடு சுற்றிச் சுற்றி வந்ததே தவிர ஒரு புள்ளியைக் காணோம். வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

ஆறு வருஷ உழைப்பு ஐயா, சும்மாவா? ரேடார் அலையைத் திருப்பி அனுப்பாமல் விழுங்கிவிடும் கறுப்புப் பூச்சு ஒன்றைக் கண்டுபிடிக்கிறேன் என்று கிளம்பியவர், வீட்டில் வேறு பேச்சே பேசாத ஆளாகிவிட்டார். "தார் ரோடு போடறவங்ககூட இதைவிடச் சீக்கிரம் கறுப்படிச்சுட்டுப் போயிடறாங்க" என்பாள் மனைவி சியாமளா. திட்டம் போய்விட்டால் நாளை முதல் ஸ்டோர்ஸில் உட்கார்ந்து, கேட்பவர்களுக்கெல்லாம் நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான்.

காலையில் பூச்சு இல்லாத விமானம் பறந்தது. ஆள் ஏறாத, ஆறடி நீளச் சின்ன விமானம். இரண்டு விமானங்களையும் டெம்போவில் கொண்டுபோயிருந்த டெக்னீஷியன் கண்ணாயிரம், இன்னும் தெற்கே கடப்பாக்கம் கடற்கரையிலிருந்து அதைப் பறக்கவிட, பதிந்து வைத்த பாதையில் தானாகவே கடலைச் சுற்றிவிட்டு வந்தது. திரையில் புள்ளி பளிச்சென்று தெரிந்தது.

மதியம் பூச்சடித்த விமானத்தின் முறை. மூன்றரை மணிக்கு வயர்லெஸ் கரகரத்தது.

"சார், இங்க தூறல் போடுது. இன்னா பண்ணட்டும்?"

ஐப்பசி மாதம். பெருமழை பிடித்துக்கொண்டால் நடுவர் காரில் ஏறிப் போய்விடுவார். செல்வராஜ் பதறிப்போனார்.

"பேசிட்டு நிக்காதீங்க கண்ணாயிரம்! சட்டுனு மேல ஏத்துங்க!"

இரண்டே நிமிஷத்தில் பதில் வந்தது.

"ஏத்தியாச்சு சார்!"

அப்போதிலிருந்துதான் திரை கழுவி விட்டாற்போல இருந்தது.

"ரொம்ப சந்தோஷப்படாதீங்க" என்றார் கோபாலகிருஷ்ணன். "மூக்கை நேரா காட்டிக்கிட்டு வந்தா எந்தக் கழுதையும் ஒளிஞ்சுக்கும். பக்கவாட்டுல திரும்பட்டும், வண்டவாளம் தெரியும். போன மார்ச்சுல ஐரோப்பாவுல ரேடாருக்கே தெரியாதுன்னு சொன்ன அமெரிக்காக்காரனோட கறுப்பு விமானத்தையே சுட்டுத் தள்ளிட்டானுங்க, பேப்பர்ல பாத்தீங்கல்ல? குண்டு போட வயித்துக் கதவைத் திறந்தா தெரியும். ஒரு ஸ்க்ரூ தூக்கிக்கிட்டிருந்தா தெரியும். எந்தப் பக்கமும் தெரியாத விமானம்னு உலகத்துல ஒண்ணு கிடையாது."

மூன்று ஐம்பதுக்கு விமானம் பக்கவாட்டில் திரும்ப வேண்டும். திரையில் ஒன்றும் இல்லை.

நாலு மணிக்கு முதுகைக் காட்ட வேண்டும். அப்போதும் இல்லை.

கோபாலகிருஷ்ணன் குமிழைத் திருகினார். ஒயரைப் பிடுங்கி மாட்டினார். திரையின் மண்டையில் இரண்டு தட்டுத் தட்டினார். கடலில் போன விசைப்படகு தெரிந்தது. கரைக்குத் திரும்பிய கொக்குக் கூட்டம்கூட மங்கலாகத் தெரிந்தது. விமானம் மட்டும் தெரியவில்லை.

செல்வராஜுக்கே லேசாகப் பயம் வந்தது. ஆய்வுக்கூடத்தில் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தபோது பூச்சு பாதி அலையைத்தான் விழுங்கியது. மீதியைக் கடல் காற்று விழுங்குகிறதோ என்னவோ என்று மனதைத் தேற்றிக்கொண்டார். வரம் கொடுக்கிற சாமியிடம் யாராவது குறுக்குக் கேள்வி கேட்பார்களா?

கோபாலகிருஷ்ணன் எழுந்து நின்றார். அவர் குரலே மாறிப்போயிருந்தது.

"முப்பது வருஷத்துல இப்படி ஒண்ணை நான் பார்த்ததே இல்லை. அமெரிக்காக்காரன் உங்ககிட்ட வந்து டியூஷன் படிக்கணும்யா!"

கையோடு ஃபைலை வாங்கி, "முழு வெற்றி. ஐந்து வருஷம் நீட்டிக்கலாம்" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். செல்வராஜுக்குக் கால் தரையில் பாவவில்லை. இன்றைக்குச் சியாமளாவின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

"அந்த அதிசயத்தை நான் கையால தொட்டுப் பார்க்கணும். எறக்கச் சொல்லுங்க" என்றார் கோபாலகிருஷ்ணன்.

எல்லோர் காதிலும் விழட்டும் என்று வயர்லெஸ்ஸின் சத்தத்தை முழுக்க ஏற்றினார் செல்வராஜ். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கண்ணாயிரம், போதும். எறக்கிடுங்க!"

வயர்லெஸ் கரகரத்தது. பிறகு கண்ணாயிரத்தின் குரல் வண்டி முழுக்க ஒலித்தது.

"இப்பவேவா சார்? இன்னும் தூறிக்கினுதான் கீது, பூச்சு நனைஞ்சிடும்... டெம்போலயே கெடக்கட்டுமே!"