சூசைதாசன் கடைப் படம்

தில்லைநாதன் மாஸ்டர் ஐந்நூறு ரூபாய்த் தாளைத் தேத்தண்ணிக்குள் தோய்த்தெடுத்து வெயிலில் விரித்தார். காய்ந்ததும் நடுவால் மடித்து, மடிப்பை நகத்தால் நாலு தரம் அழுத்தினார். பிறகு மேல்விளிம்பில் பக்குவமாக ஒரு சின்னக் கிழிசல் போட்டார்.

“மூலையிலை எண்ணெய் ஊறியிருக்கு எண்டனீங்கள்?” என்றாள் மனைவி குணலட்சுமி. நல்லெண்ணெய்ப் போத்தல் அவள் கையில் தயாராக இருந்தது.

“ஒரு சொட்டுக் காணும். கூடினா கடைக்கார மனுசன் பிடிச்சிடும்.”

அறைக்குள் மகள் இராசமலர் மூன்றாம் நாள் காய்ச்சலில் முனகிக்கொண்டிருந்தாள். டொக்டர் எழுதித் தந்த ஊசிமருந்து சாவகச்சேரியிலேயே சூசைதாசனின் மருந்துக்கடையில் மட்டும்தான் இருந்தது, அதுவும் ஒன்றே ஒன்று. வீட்டில் இருந்த காசோ வங்கியில் எடுத்த சம்பளத்தில் மிஞ்சிய இரண்டு புது ஐந்நூறு தாள்கள். அதில் ஒன்றைக் காலையில் சூசைதாசன் நாலு பேருக்கு முன்னால் கள்ளத்தாள் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சூசைதாசன் லேசுப்பட்ட ஆள் இல்லை. கள்ளத்தாள் புழங்குகிறது என்று கேள்விப்பட்ட அன்றே, மேசை லாச்சிக்குள் கிடந்த ஒரு நல்ல தாளை ஸ்டூடியோவில் கொடுத்துக் கதவளவு பெருப்பித்துச் சுவரில் மாட்டியவர். அது சண்டையால் கரண்ட் நிற்கமுன், ஊரில் கரண்ட் இருந்த காலத்து வேலை. படத்தில் பதினொரு இடத்தில் சிவப்பு வட்டம் போட்டு நம்பரும் எழுதியிருந்தார். கடைக்கு வருகிற தாளெல்லாம் பூதக்கண்ணாடியின் கீழே கிடந்து அந்தப் பதினொன்றுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

“என்ன மாஸ்டர், திரும்பவும் வாறியள்? காலையிலை தந்த சாமான்தானோ?”

“இல்லை. இது வேறை.”

பதினெட்டு வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்த மனிதர் தாளை நீட்டினார். இந்த வயதில் தனக்கு இந்த வேலை தேவையா என்று வெட்கமாகவும் இருந்தது.

சூசைதாசன் தாளையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். “ஒண்டு, சரி. ரெண்டு, சரி.” எட்டு வரைக்கும் தடங்கல் இல்லை.

“ஒன்பது, நடுமடிப்பு. சரி. பத்து, மேல்கிழிசல். சரி. பதினொண்டு…” தாளை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

“மூலையிலை எண்ணெய். சரி!” சூசைதாசனின் முகம் மலர்ந்தது. “இதல்லோ மாஸ்டர் காசு! காலையிலை தந்ததிலை கடைசி மூண்டும் இல்லை. என்னை ஏய்க்கேலாது கண்டியளோ.”

மருந்தைக் கொடுத்தார். மிச்சக் காசையும் எண்ணிக் கொடுத்தார்.

ஊசி போட்டு இரண்டு மணித்தியாலத்தில் இராசமலருக்கு வேர்த்தது. கண் விழித்துக் கஞ்சி கேட்டாள். தில்லைநாதன் வாசற்படியில் குந்தியிருந்து சத்தமில்லாமல் அழுதார்.

குணலட்சுமி பக்கத்தில் வந்து இருந்தாள்.

“இஞ்சருங்கோ, அடுத்த மாசச் சம்பளத்தை வங்கியிலை பழந்தாளாக் கேட்டு வாங்குங்கோ.”