தமயந்தியின் நட்சத்திரம்

தொலைநோக்கியில் ஆயிரக்கணக்கான கண்ணாடி இழைகள் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு நட்சத்திரத்தின் ஒளியைப் பிடித்துத் தரும். எந்த இழை எந்த நட்சத்திரத்துக்கு என்று ஒதுக்குவது யாழினியின் வேலை. மிஞ்சும் இழைகளை வெற்று வானத்தில் வைக்க வேண்டும். யாழினி மட்டும் அவற்றில் ஒன்றை, மகள் குடியேறப் போகும் கோளின் நட்சத்திரத்தில் வைத்துவிடுவாள். கோயிலில் மகள் பெயருக்கு அர்ச்சனை செய்வதுபோல அது பழகிவிட்டது. தை பிறந்ததும் கப்பல் கிளம்புகிறது.

இத்தனை நாள் சேர்ந்த ஒளியிலிருந்து இன்று காலை வந்த அளவு இடித்தது. பதிவில் இருப்பதைவிட நட்சத்திரம் மிகப் பெரியது. கோளின் அளவை நட்சத்திரத்தோடு ஒப்பிட்டுத்தான் கணக்கிட்டிருந்தார்கள்; அப்படியானால் அதைச் சுற்றும் கோளும் பெரியது. அங்கே வெறும் வாயுதான், கால் வைக்கத் தரை இருக்காது.

முதலில் வந்தது சந்தோஷம். அதுதான் அவளை உறுத்தியது. போகாதே என்று மகளிடம் மாதக்கணக்கில் அழுதவள் அவள். சொன்னால் யார் நம்புவார்கள்? காரணம் சொல்லாமல் சக ஊழியர் ஜெரால்டை அந்த நட்சத்திரத்தை அளக்கச் சொன்னாள். அவருக்கும் அதே விடைதான் வந்தது.

மகளை அழைத்தாள். திரையில் தமயந்தி கப்பலில் கொண்டுபோக வெண்டை விதைகளைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டு முடித்தாள்.

“நீ நெனச்ச மாதிரியே ஆயிடுச்சுல்லம்மா.”

“ஜெரால்டு அங்கிளும் அளந்து பாத்தாருடி.”

“நீ எதுக்கு அதுல இழைய வச்ச?”

“நீ போன பிறகும் தெனமும் பாத்துக்கலாம்னுதான்.”

தமயந்தி பொட்டலத்தைப் பிரித்து, விதைகளை டப்பாவில் திருப்பிக் கொட்டினாள்.